இருபத்திரண்டாவது பாடத்துக்கு அப்புறம்

காகித ஆலையின் வாசலை ஒட்டி ஒரு எடைமேடை இருக்கிறது. பழைய பேப்பர் ஏற்றி வரும் லாரிகள் அதன்மேல் ஏறி நின்று எடை காட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது இன்னொரு தடவை ஏற வேண்டும். முதல் எடையிலிருந்து இரண்டாம் எடையைக் கழித்தால் வருவது சரக்கு. இந்தக் கணக்கைப் போட மேடைக்குப் பக்கத்தில் ஐந்து படி உயரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. ஆலையில் எல்லாரும் அதைக் கூண்டு என்பார்கள். அதற்குள் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவளைக் கூண்டக்கா என்பார்கள்.

கூண்டக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. ஐம்பது, அறுபது வயது டிரைவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அவர்களை அண்ணே என்பாள். இப்படி இரண்டு பக்கமும் மூத்தவர்களாகிப் போனதால் அங்கே சின்னவர்கள் என்று யாருமே கிடையாது.

வெயிலுக்காகக் கண்ணாடியின் வெளிப்பக்கம் பளபளப்பான ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே எல்லாம் தெரியும். தூசி பட்டால் எடை மெஷின் கெட்டுப்போகும் என்று ஜன்னல்களைத் திறக்கக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. சீட்டு கொடுக்க மட்டும் முழங்கை அளவு ஒரு இழுப்புக் கதவு. அதைத் திறப்பாள், கை வெளியே போகும், சீட்டு போகும், கை உள்ளே வரும், கதவு மூடிக்கொள்ளும். பின்னால் நிற்கும் லாரி அதற்குள் ஹாரன் அடித்துவிடும். மற்ற பேச்செல்லாம் மைக்கில்தான். வெளியே கம்பத்தில் ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தது.

"ஏத்துங்க. முன்னாடி. இன்னும் முன்னாடி. போதும், பின்னாடி. நில்லுங்க. சீட்டு வாங்கிக்குங்க."

ஒரு நாளைக்கு எழுபது லாரி, ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ஆக, நாள் முழுக்கப் பேசிக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் வீட்டுக்குப் போய், இன்று யாரிடம் என்ன பேசினோம் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகத்துக்கு வராது. மைக் அவள் குரலை வெளியே கொண்டுபோகும். வெளியே இருப்பவர்களின் குரலை உள்ளே கொண்டுவர ஒன்றும் இல்லை. டிரைவர்கள் வாயை அசைப்பார்கள், கையை விரிப்பார்கள், தலையில் தட்டிக்கொள்வார்கள். ஏதோ அவர்கள் பாடு என்று இவள் நினைத்துக்கொள்வாள்.

ஒரே ஒரு பெரியவர் மட்டும் வித்தியாசம். நரைத்த மீசை, பச்சை லாரி. தினமும் மேடையில் நின்றதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பிக் கூண்டைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். கூண்டக்கா உடனே எழுந்து நின்று பதிலுக்குக் கும்பிடுவாள். கடவுள் பக்தி உள்ள மனுஷர், பெண்பிள்ளை என்று மரியாதை வைத்திருக்கிறார் என்று அவளுக்கு அந்த ஒரு கும்பிடில் நாள் முழுக்க வயிறு நிறைந்திருக்கும்.

தங்கியிருந்தது தம்பி வீட்டு மாடி அறையில். தம்பி நல்லவன்தான். தம்பி மனைவியும் குறை சொல்ல முடியாதவள், சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, "அக்கா, மேசை மேல இருக்கு" என்று கீழேயிருந்து ஒரு குரல் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவாள். அன்பும் இருந்தது, சாப்பாடும் இருந்தது. எதிரே உட்காரத்தான் ஆள் இல்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் தம்பி மகளுக்கு அவள் அப்பா பெரிய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். அவளுடைய லாப்டாப் சும்மா கிடந்தது. "அத்தை, உனக்கு வேணும்னா வச்சுக்கோ. நான் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறப்ப திருப்பிக் குடு" என்றாள். கூண்டக்கா அதில் பக்திப் பாட்டு கேட்பதற்கென்றுதான் வாங்கிக்கொண்டாள். பகல் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை கிடங்கில் சாப்பாட்டு நேரம். லாரி எதுவும் ஏறாது. அந்த நேரத்தில் கூண்டுக்குள் பாட்டு வைப்பாள். ஒருநாள் பாட்டு முடிந்ததும் தானாக அடுத்த வீடியோ ஓடியது.

"வணக்கம் நண்பர்களே. யார் வேணும்னாலும் ஒரு கேம் செய்யலாம். படிப்பு முக்கியமில்ல. பொறுமை இருந்தா போதும். வாங்க, முதல் பாடம்."

முகம் தெரியவில்லை. ஒரு கம்ப்யூட்டர் திரையும் அதில் அம்பு போல் ஓடும் மவுஸும், அதற்குப் பின்னால் ஒரு ஆணின் குரலும் மட்டும். படிப்பு முக்கியமில்லை, பொறுமை போதும் என்று அவர் சொன்னது தன்னைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது. பொறுமைதான் அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்ததே.

வாத்தியார் சொல்லிக் கொடுத்தது கார் ஓட்டும் விளையாட்டு. டிரைவர் சீட்டிலிருந்து பார்ப்பது போல ரோடு, இரண்டு பக்கமும் மரம். கூண்டக்கா காருக்குப் பதில் லாரி வைத்தாள். ரோட்டின் கடைசியில் ஒரு எடைமேடை. லாரியை ஓட்டிக்கொண்டு வந்து மேடையில் சரியாக நிறுத்த வேண்டும். கோட்டைத் தாண்டினால் மணி அடிக்கும். தெரிந்ததைத்தானே செய்ய முடியும்?

'பத்தே நிமிஷம்' என்று வாத்தியார் சொன்ன முதல் பாடம் அவளுக்கு ஒன்பது நாள் எடுத்தது. மேலே வலது மூலையில் ஒரு பச்சைப் பொத்தானை அமுக்குங்கள் என்றார். இவளுடைய திரையில் மேலே வலது மூலையில் வெறும் சாம்பல் நிறம். வீடியோவை நிறுத்துவாள், பின்னால் இழுப்பாள், மறுபடி பார்ப்பாள். "இத செலக்ட் பண்ணி, இப்படி இழுத்து, இங்க விட்டீங்கன்னா, அவ்ளோதான்" என்பார். எதைச் செலக்ட் பண்ணி, எப்படி இழுத்து என்று கேட்டால் மறுபடியும் "அவ்ளோதான்" என்பார். அவர் பாடம் எடுத்தது பழைய வெர்ஷன் என்றும், இவள் இறக்கி வைத்திருப்பது புதுசு என்றும், அதில் அந்தப் பொத்தானை இடது பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றும் அவளாகவே கண்டுபிடிக்க ஒன்பது நாள். கண்டுபிடித்த அன்று சந்தோஷத்தில் சுற்றுமுற்றும் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு காகம் மேடையில் நடந்துகொண்டிருந்தது. மெஷினில் பூஜ்யம் காட்டியது.

ஆறாவது பாடத்தில் அதைவிடப் பெரிய சோதனை. 'ஓடு' என்ற பொத்தானை அமுக்கினால் அவள் லாரி ஓடாது, விழும். ரோட்டுக்குள் புகுந்து, கீழே கீழே என்று போய்க்கொண்டே இருக்கும். வாத்தியாரின் கார் ஜம்மென்று ரோட்டில் நிற்கிறது. இவள் லாரிக்கு மட்டும் பூமி வழிவிடுகிறது. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள். எல்லாம் சரி. மறுபடி அமுக்கினாள். மறுபடி விழுந்தது. எட்டு நாள் இதே கதை. அந்த எட்டு நாளும் கண்ணை மூடினால் ஒரு லாரி இருட்டுக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள் என்று வாத்தியார் ஒவ்வொரு பாடத்திலும் சொல்வார். வெட்கத்தை விட்டு எழுதினாள்.

'ஐயா வணக்கம். நான் ஒரு பெண். என் லாரி தரையில் நிற்காமல் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்? தங்கள் குடும்பம் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.'

நாலு நாள் கழித்து ஒரு பதில் வந்தது. ஆவலாகத் திறந்தாள். யாரோ ஒருவர் விழுந்து விழுந்து சிரிக்கிற மஞ்சள் பொம்மை போட்டிருந்தார். அவ்வளவுதான்.

கடைசியில் விடை கிடைத்தது. ஐந்தாம் பாடம் முடியும்போது வாத்தியாரின் திரையில் ஒரு சின்னக் கட்டம் காலியாக இருந்தது. ஆறாம் பாடம் ஆரம்பிக்கும்போது அதே கட்டத்தில் ஒரு டிக் இருந்தது. இரண்டு பாடத்துக்கும் நடுவில், வீடியோ ஓடாத நேரத்தில், மனுஷர் டிக் போட்டுவிட்டுச் சொல்ல மறந்திருக்கிறார். அந்த டிக் போட்டால்தான் தரை கெட்டியாகும். ரோடு வரைந்தால் மட்டும் போதாதாம், 'நீ தரை, தாங்கு' என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமாம். கூண்டக்கா டிக் போட்டாள். லாரி நின்றது. "அட பாவி மனுஷா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, வாத்தியாரைப் போய் இப்படிச் சொல்லிவிட்டோமே என்று உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவர்மேல் அவளுக்குக் கோபம் தங்காது. அவர் குரலின் ஏற்ற இறக்கமெல்லாம் பழகிவிட்டது. பதினோராம் பாடத்தில் பின்னால் ஒரு குழந்தை அழும், அவர் அவசரப்படுவார். பதினேழாம் பாடத்தில் நிறைய இருமுவார். "தண்ணி குடிங்க சார்" என்பாள் கூண்டக்கா. அவர் குடிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

இருபத்திரண்டாவது பாடத்தின் முடிவில், "அடுத்த பாடத்துல, ஆடறவங்க எப்படி ஜெயிக்கிறதுன்னு பாக்கலாம். நன்றி நண்பர்களே" என்றார்.

அடுத்த பாடம் இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள். அந்த இருபத்திரண்டைப் போட்டே மூன்று வருஷம் ஆகியிருந்தது. கீழே நாற்பத்தேழு பேர் கேட்டிருந்தார்கள். 'சார் 23 எப்போ?' 'சார் எங்க போனீங்க?' 'எப்படி ஜெயிக்கிறது சார்?' 'சார், நலமா?' நின்றுபோன பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம் போல ஒருவர் பின்னால் ஒருவர். ஒருவருக்கொருவர் கூடப் பேசிக்கொள்ளவில்லை. எல்லாரும் வாத்தியார் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூண்டக்கா நாற்பத்தெட்டாவதாக எழுதவில்லை. அன்று முதல் காலை ஜெபத்தில் தம்பி குடும்பத்தைச் சொல்லி முடித்ததும் வாத்தியாரின் இருமலையும் சேர்த்துக்கொண்டாள்.

ஆக, அவள் விளையாட்டில் தோற்க முடிந்தது, ஜெயிக்க முடியவில்லை. ஜெயிப்பதை அவளே யோசித்துச் செய்ய வேண்டியதாயிற்று. மூன்று மாதம் ஆனது. லாரி சரியான இடத்தில் நின்றால் பச்சை விளக்கு எரியும், ஒரு சீட்டு வெளியே வரும். சரியாகச் செய்தோமா என்று தெரியவில்லை. அவள் ஆடினால் ஒவ்வொரு தடவையும் பச்சை எரிந்தது. அது போதுமா? வருஷத்துக்கு ஒருமுறை எடைமேடைக்கே அதிகாரிகள் வருவார்கள். முத்திரை போட்ட இரும்புக் கல்லை ஏற்றி, மெஷின் காட்டுவது உண்மைதானா என்று பார்ப்பார்கள். மேடை தன்னைத் தானே எத்தனை தடவை எடை போட்டாலும் பூஜ்யம்தான் காட்டும். கல் வெளியிலிருந்துதான் வர வேண்டும். அப்படி ஒரு கல் தனக்கு யார் கொண்டுவருவார் என்று நினைத்தாள்.

விளையாட்டை எல்லாரும் பார்க்கும்படி ஒரு இணையதளத்தில் இலவசமாகப் போட்டாள். எத்தனை பேர் ஆடினார்கள் என்று அதில் எண் காட்டும். முதல் வாரம் 3. மூன்றும் அவளே. எண் ஏறவில்லையே, ரிப்பேரோ என்று பார்க்கப் போய் இன்னொரு தடவை ஆடினாள். 4 ஆனது. ரிப்பேர் இல்லை.

தம்பி மகளிடம் காட்டினாள். அவள் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு இரண்டு வினாடி திரையைப் பார்த்தாள்.

"சூப்பர் அத்தை."

"ஆடிப் பாரேன்."

"பாக்கவே சூப்பரா இருக்கே. நீயா செஞ்ச? செம."

தம்பி, "அக்கா, நீயா? லாரி லாரி மாதிரியே இருக்கே" என்றான். தம்பி மனைவி, "கண்ணுக்கு நல்லதில்லக்கா" என்றாள். மேனேஜரிடம் பயந்து பயந்து சொன்னதற்கு, "டூட்டி நேரத்துல இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

நல்லா இருக்கிறது என்றவர்கள் ஆடவில்லை. நல்லா இல்லை என்று சொல்லவாவது ஒருவர் வேண்டுமே. இதற்குள் தம்பி மகளுக்கு ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டது. மாதக் கடைசியில் கிளம்புகிறாள், லாப்டாப்பைக் கொடுத்துவிட வேண்டும். கூண்டக்கா தனக்குள் ஒரு முடிவு எடுத்தாள். அதற்குள் யாராவது ஒரே ஒருவர் ஆடிப் பார்த்து ஏதாவது சொன்னால், தனக்கென்று பழசோ புதுசோ ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தொடர்வது. யாரும் வரவில்லையென்றால், இது கடவுள் நமக்கு வைத்த வேலை இல்லை என்று மூடிவிட்டுப் பாட்டு கேட்கப் போய்விடுவது. "ஒரு ஆள் போதும் சாமி. ஒரே ஒரு ஆள்" என்று தினமும் முதல் லாரி ஏறுவதற்கு முன்னால் கேட்டாள்.

கேட்டதைக் கடவுள் கொடுத்தார். ஆனால் அவள் நினைத்த முகத்தோடு அனுப்பவில்லை.

ஆலைக்கு வரும் டிரைவர்களில் ஒருவருக்குப் பெயர் சிரிப்பு. மனுஷர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் மூட்டை இறக்குகிறவர்கள் வைத்த பெயர். மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருக்கும்போது, பன்னிரண்டு மணிக்குக் கிடங்கில் திடீரென்று சரக்குச் சரிபார்ப்பு என்று கதவைச் சாத்திவிட்டார்கள். எடை போட்ட சிரிப்பின் லாரி மேடையிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அவர் படியேறி வந்து கூண்டின் கதவைத் தட்டினார். பதினோரு வருஷத்தில் டிரைவர் ஒருவர் அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"போன்ல சார்ஜ் இல்லக்கா. இங்க போட்டுக்கலாமா?"

"போடுங்கண்ணே. உக்காருங்க."

உட்கார ஒரு ஸ்டூல்தான் இருந்தது, அதன்மேல் லாப்டாப் இருந்தது. அவர் நின்றுகொண்டே அதைப் பார்த்தார்.

"என்ன இது, லாரி?"

கூண்டக்கா திரையை அவர் பக்கம் திருப்பினாள். "விளையாட்டுண்ணே. நான் செஞ்சது. ஆடிப் பாக்கறீங்களா?"

"நானா? நாள் பூரா ஓட்டிட்டு வந்து இங்கயும் ஓட்டணுமா?" என்றார். ஆனால் போன் சார்ஜ் ஏறும் வரை வேறு வேலை இல்லை. லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்புக்குறிப் பொத்தான்களைக் காட்டிக் கொடுத்தாள்.

லாரி ரோட்டில் போனது. மேடையில் ஏறியது. மணி அடித்தது, கோட்டைத் தாண்டிவிட்டார். மறுபடி ஆடினார். இந்தத் தடவை முன்கூட்டியே நின்றுவிட்டார். மறுபடி. மணி. மறுபடி. மணி. கூண்டக்கா கைவிரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். பதினோராவது தடவையும் மணி அடித்தது. இருபத்தேழு வருஷமாக லாரி ஓட்டுகிறவர்.

"இது உருப்படாதுக்கா."

"ஏண்ணே?"

"மேடைக்குக் கிட்ட போனதும் கோடு வண்டி மூக்குக்கு அடியில போயிடுது. அப்புறம் எங்க நிக்கறதுன்னு எப்படித் தெரியும்?"

"நான் நிறுத்திடுவேனே." வாங்கி ஆடிக் காட்டினாள். பச்சை எரிந்தது.

"எப்படி நிறுத்தினீங்க?"

அவளுக்கே தெரியவில்லை. இன்னொரு தடவை, தன்னையே கவனித்துக்கொண்டு ஆடினாள். கோடு மறைந்ததும் அவள் உதடு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியது. மூன்றில் நிறுத்தினாள். தான் எண்ணுகிறோம் என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது.

"எண்ணணும்ண்ணே" என்றாள் மெதுவாக.

"அது யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும். ஓட்டறவன் நானில்ல? எனக்கு எங்க எழுதி வச்சிருக்கீங்க?" என்ற சிரிப்பு, ஸ்டூலை விட்டு எழுந்தார். பிறகு கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டினார். "தப்பா நினைக்காதீங்க. நீங்க நெசமாவும் அப்படித்தான் பண்றீங்க."

"எப்படி?"

"அந்தக் கோட்டத் தரையில போட்டு வச்சிருக்கு. சீட்டுல உக்காந்தா தெரியாது. வண்டியோட சைடு கண்ணாடியில பின்சக்கரம் தெரியும், சரி. ஆனா மேடையும் ரோடும் ஒரே தூசி, எது எங்க முடியுதுன்னு எவன் கண்டான்? நீங்க மைக்ல முன்னாடிங்கறீங்க, பின்னாடிங்கறீங்க, எவ்வளவுன்னு சொல்றதில்ல. தெரியலக்கா, தெரியலக்கான்னு கையக் கைய விரிக்கறோம். நீங்க மறுபடி பின்னாடிங்கறீங்க."

"யாரும் சொல்லலையேண்ணே!"

"மேனேஜர்கிட்ட சொன்னோம். கூண்டுல சொல்லுங்கன்னாரு. கூண்டுல சொல்லலாம்னா அது எப்பவும் மூடியிருக்கு. சீட்டு நீட்டற கைகிட்டயா சொல்றது?"

கூண்டக்கா இழுப்புக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பச்ச லாரிப் பெரியவர் மட்டும் ஒண்ணும் சொன்னதில்ல. தினமும் வணக்கம் வைப்பார்" என்றாள்.

"வணக்கமா?" என்றார் சிரிப்பு. "ஆத்தாடி, உன்னக் கும்பிடறேன், என்ன விட்டுடுன்னுல்ல கும்பிடறாரு. எவ்வளவு கும்பிட்டாலும் அந்த அம்மா விடமாட்டேங்குதுன்னு புலம்புவாரு."

சொல்லும்போது அவர் வாயோரம் லேசாக இழுத்தது. சிரிப்புதான் அது. அதைப் பார்த்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். ஆனால் அவளுக்கு அப்போது அதைக் கவனிக்கத் தோன்றவில்லை. எழுந்து நின்று கும்பிட்ட அத்தனை நாளும் வரிசையாக ஞாபகம் வந்தது.

"அண்ணே, உங்க வண்டியில ஏறிப் பாக்கட்டுமா?"

"ஏறத் தெரியுமா?"

தெரியவில்லை. பதினோரு வருஷமாக லாரிகளுக்கு ஐந்தடி தள்ளி உட்கார்ந்திருந்தவள் ஒரு லாரியில்கூட ஏறியதில்லை. எங்கே கால் வைப்பது, எதைப் பிடிப்பது என்று அவர் கீழே நின்று சொன்னார். "இடது கால். இடது. அதுவா இடது?" ஒருவழியாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு முன்னால் பார்த்தாள்.

கோடு தெரியவில்லை. மேடையும் தெரியவில்லை. வண்டியின் மூக்கும் அதற்கப்பால் ஒரே நிறத்தில் ரோடும்தான் தெரிந்தன. பக்கவாட்டில் திரும்பித் தன் கூண்டைப் பார்த்தாள். அந்தத் தாள் ஒட்டிய கண்ணாடியில் மேசை தெரியவில்லை, மெஷின் தெரியவில்லை, அவள் நாற்காலி தெரியவில்லை. வானமும் ரெண்டு மேகமும்தான் தெரிந்தன. பதினோரு வருஷமாக இவர்கள் ஒரு துண்டு வானத்தைப் பார்த்துத்தான் கையை விரித்திருக்கிறார்கள்.

உள்ளே உட்கார்ந்திருக்கும் தனக்கு மட்டுமே தனிமை என்று நினைத்திருந்தாள்.

மறுநாள், மேடைக்குப் பக்கத்தில் டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு அடையாளம் வைக்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டாள். "மேலிடத்துல கேக்கணும். எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பதில் வராது என்று அவளுக்கும் தெரியும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கின் பின்னால் கிடந்த ஒரு காலி டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தாள். மீதம் கிடந்த சிவப்புப் பெயின்டை அதில் பூசினாள். சிரிப்பு தன் வண்டியை மேடையில் சரியான இடத்தில் நிறுத்திக்கொண்டு சீட்டிலிருந்து தலையை நீட்டினார்.

"முன்னாடி. இன்னும் முன்னாடி" என்றார். அவள் டிரம்மை உருட்டினாள். "போதும், பின்னாடி."

"எவ்வளவுண்ணே?"

"ம். இப்ப தெரியுதா எங்க கஷ்டம்? ஒரு சாண்."

ஒரு சாண் பின்னால் தள்ளினாள்.

"நில்லுங்க. சீட்டு வாங்கிக்குங்க" என்றார் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு.

டிரம் டிரைவர் தோளுக்கு நேராக வரும்போது நிறுத்தினால் வண்டி சரியாக நிற்கும். அன்று மத்தியானமே தன் விளையாட்டிலும் ரோட்டோரம் ஒரு சிவப்பு டிரம் வைத்தாள். சிரிப்பு அடுத்த நடை வந்தபோது படியிலேயே நின்று ஆடினார். முதல் தடவையே பச்சை எரிந்தது. "ம்" என்றார். போய்விட்டார். அந்த ஒரு 'ம்'முக்காக ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

மாதக் கடைசியில் லாப்டாப் போனது. சொந்தமாக ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்தாள், அது வர நாளாகும். அதுவரைக்கும் பழைய பேப்பர் லாரியிலிருந்து விழுந்த, பாதி எழுதின ஒரு கணக்கு நோட்டில் அடுத்த விளையாட்டை வரைந்தாள். லாப்டாப்பைக் கொடுக்கும் முன்னால் இருபத்திரண்டாவது பாடத்தின் கீழே ஒன்று எழுதிவிட்டு வந்தாள். வாத்தியாருக்கு இல்லை. 'எப்படி ஜெயிக்கிறது சார்?' என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்த யாரோ ஒருவருக்கு. தான் செய்த விதத்தை வரிசையாக எழுதி, அந்த டிக் விஷயத்தையும் சேர்த்து, கடைசியில் 'உங்களுக்குச் சரியாக வந்ததா என்று சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தாள். பதில் வரவில்லை. அவர் இந்நேரம் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

டிரம் வந்த பிறகு கூண்டக்கா எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. லாரிகள் ஏறின, டிரம்மைப் பார்த்து நின்றன, எடை காட்டின, இறங்கின. முன்னாடி, பின்னாடி என்று சொல்ல வேலையே இல்லை. சில நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை மைக் பொத்தானில் விரலே படவில்லை. யாரும் கையை விரிக்கவில்லை, தலையில் தட்டிக்கொள்ளவில்லை. வேலை சரியாக நடந்தது. கூண்டுக்குள் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

பச்சை லாரிப் பெரியவரும் வந்தார். டிரம்மைப் பார்த்தார், ஒரே தடவையில் நிறுத்தினார். பழக்கத்தில் கூண்டக்கா எழுந்து நின்றுவிட்டாள். அவர் கும்பிடவில்லை. இனி எதற்குக் கும்பிட வேண்டும்? ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். எடை விழுந்தது. சீட்டு அச்சாகி வந்தது.

அவள் உட்காரவில்லை. நின்ற நின்றபடி இரண்டு கையையும் கூப்பினாள். அவருக்கு அது வானமாகத்தான் தெரியும் என்று ஞாபகம் வந்ததும் கையைப் பிரித்து மைக் பொத்தானை அமுக்கினாள்.

"பெரியவரே, வணக்கம்."

ஸ்பீக்கர் வாசல் முழுக்க அலறியது. பெரியவர் திடுக்கிட்டுப் பிரேக்கை மிதித்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து ஏதோ சொன்னார். மீசை அசைவது தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை.

கூண்டக்கா சீட்டை அங்கேயே வைத்துவிட்டு, இழுப்புக் கதவைக் கடைசி வரைக்கும் தள்ளித் திறந்தாள். குப்பென்று தூசி உள்ளே வந்து மெஷின் மேலும் நோட்டின் மேலும் படிந்தது. படியட்டும் என்று விட்டுவிட்டு, முழங்கையை வெளியே வைத்துத் தலையையும் வெளியே நீட்டினாள்.

"என்ன சொன்னீங்க பெரியவரே?" என்று கேட்டாள். "வண்டிச் சத்தத்துல கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."